காத்தமுத்து திருடியது

தேக்கு நிலை. நாலு பேர் சேர்ந்தால்தான் அசைக்க முடியும். என் கடையிலிருந்து போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, ஒரு நூல் விலகவில்லை, கறையான் தொடவில்லை, இதன் வழியாகத்தான் இன்றைக்கு இரண்டு மணிக்குப் பிச்சையாவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். செத்த வீட்டில் உட்கார்ந்து நிலையின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறேன், மூன்றரை அடி, தாராளமாகப் போகும். இடிக்கிற வீடுகளில் போய்க் கதவும் நிலையும் ஜன்னலும் வாங்கி விற்கிறவன் கண் வேறே எங்கே போகும். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் பயந்தவன் கண் வேறே எங்கே போகும் என்றும் கேட்கலாம். மாலையைப் போட்டபோது ஒருதரம் குனிந்து பார்த்தேன். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள், அதனால் மேல் வரிசையில் இடது பக்கம் பல் இல்லாத சந்து தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று. அந்தப் பல்லை உடைத்தவன் நான்தான். முப்பத்தோரு வருஷம். அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை, இல்லை, பொய் எதற்கு, நான்தான் அவனோடு பேசவில்லை. சாலிகிராமத்தில் அவன் வீடு, விருகம்பாக்கத்தில் என் கடை, நடுவில் ஒரு கோழி நடக்கிற தூரம். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை திருமாறன் உட்கார்ந்திருக்கிறார். தங்கமான மனுஷன், வங்கியில் லாக்கர் சாவியெல்லாம் அவர் பொறுப்பில். இன்றைக்கு எனக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது என்று அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வெளியே பந்தலில் யாரோ கைபேசியில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டார்கள், சத்தம் உள்ளே வருகிறது, இழவு வீட்டு வாசலில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை என் காதருகில் சாய்ந்து, "மாமா, இந்தப் படத்த நம்ம வீட்டுல எத்தன தீபாவளிக்குப் பாத்திருப்போம், நீங்க மட்டும் இந்த இடம் வரும்போது எந்திரிச்சுப் போயிருவீங்க. எழுதினவரு உங்க கூட்டாளின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்கிறார். நான் உம் என்கிறேன். காலை நீட்டி மடக்குகிறேன்.

படத்தின் பெயர் 'கைராசிக் காத்தமுத்து'. தமிழ்நாட்டில் அதைப் பார்க்காதவன் கிடையாது. திருடத் தெரியாத திருடன் ஒருவனின் கதை. கூரையைப் பிரித்து இறங்குவான், நேரே இட்லி மாவு அண்டாவில் விழுவான். மாட்டைத் திருடிக்கொண்டு போவான், மாடு அவனைத் தன் சொந்தக்காரன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். பூட்டிய வீட்டுக்குள் பதுங்கிப் போனால், உள்ளே ஒரு பாட்டையா பீஸ் போய் இருட்டில் உட்கார்ந்திருப்பார், வாப்பா எலெக்ட்ரீஷியனா என்று கேட்பார், இவனும் பீஸ் கட்டிக்கொடுத்துக் காப்பி குடித்துவிட்டு வருவான். அதெல்லாம் பிச்சையாவின் சரக்கு, அவன் மண்டையில் ஊறியது. ஆனால் ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற இடம் அதுவல்ல, சாவு வீட்டு சீன். இழவு விழுந்த வீட்டில் யார் நீ என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று காத்தமுத்து துக்கம் விசாரிக்கிறவன் மாதிரி உள்ளே போவான், புரண்டு புரண்டு அழுவான், ஒரு குத்துவிளக்கைச் சட்டைக்குள் சொருகிக்கொள்வான், எல்லாம் முடிந்து வாசலைத் தாண்டுகிற நேரத்தில் நாக்குப் பழக்கத்தில் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் போயிட்டு வர்றேன்!" என்பான். அவ்வளவுதான். ஒப்பாரி பொக்கென்று நிற்கும். சாவு வீட்டில் எவனாவது போயிட்டு வர்றேன் என்று சொல்வானா? வாங்க என்றும் சொல்லக் கூடாது, வர்றேன் என்றும் சொல்லக் கூடாது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும், மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மொத்த வீடும் திரும்பிப் பார்க்கும். பிறகு அடி. சுடுகாடு வரைக்கும் துரத்தி அடிப்பார்கள், விளக்கு சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். முதல் நாள் முதல் காட்சியில் தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. ஒருத்தன் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினான். என் பக்கத்தில் பிச்சையா புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான், திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பரிசு கொடுத்தவன் பிரிக்கிறவன் முகத்தைப் பார்ப்பானே அப்படி. எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. இடைவேளையில் வெளியே வந்ததும், "எப்படிடா இருந்துச்சு கோட்டை?" என்றான். கோட்டைச்சாமி என்ற என் பெயரை அப்படி நறுக்கிக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். விட்டேன் ஒரு குத்து. உள்ளங்கையில் பல்லை வைத்துக்கொண்டு ரத்தத்தோடு நின்றான். திருப்பி அடித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். "உன் பேரைச் சொல்லலியேடா" என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. உன் பேரைச் சொல்லலியேடா.

ஏனென்றால் காத்தமுத்து நான்தான். எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன், இப்போது எனக்கு மட்டும். பத்தொன்பது வயசு. ஊரில் சித்தப்பாவை அடித்துவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினவன், இங்கே மரக்கடை மேஸ்திரியை அடித்துவிட்டு வேலையைத் தொலைத்தவன், கோபத்தைத் தவிர வேறே முதல் இல்லை. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் புரசைவாக்கத்தில் ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தேன், ஒரு வீட்டு வாசலில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. போனேன். யாரும் கேட்கவில்லை. செத்துப்போன வயசான அம்மாவைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள், தலை லேசாகச் சாய்ந்து எங்கம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு தூங்குவாளே அந்தக் கோணத்தில் இருந்தது. நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை, நிஜமாகவே அழுதேன், பசியில் அழுதேனா அம்மாவுக்கு அழுதேனா தெரியாது. ஒரு பெரியவர் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாத தம்பி, நல்ல சாவு" என்றார். அழுதுகொண்டே கண்ணை ஓட்டினேன். வெண்கலம் வெள்ளியெல்லாம் எப்போதோ உள்ளே வைத்தாயிற்று. வெளியே இருந்தது ஒன்றே ஒன்று, சாமான் அறைக் கொண்டியில் திறந்து தொங்கிய ஒரு பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம், கனமென்றால் அப்படிக் கனம். எடுத்தேன். பதற்றத்தில் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, டக்கென்று பூட்டிக்கொண்டது. சாவி யாருடைய இடுப்பிலோ. சாவி இல்லாத பூட்டைத் திருடிய முதல் திருடன் உலகத்திலேயே நான்தான் என்று பிறகு பிச்சையா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், "நீ பூட்டைத் திருடலடா, அவங்க வீட்டுக்குச் சாவியத் தானம் பண்ணிட்டு வந்திருக்க" என்பான். அதை இடுப்பில் சொருகினால் வேட்டி இறங்குகிறது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மாப்பிள்ளை தண்ணீர் புட்டியை நீட்டுகிறார். குடிக்கிறேன். பிச்சையாவின் அக்கா பேச்சியம்மாள் ஊரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறாள், தம்பி தம்பி என்று பெட்டியைத் தட்டுகிறாள். அவன் பெண்டாட்டி மரகதம் அழவில்லை. பெட்டிக்குத் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த நிலையை வாங்க என் கடைக்குத் தனியாக வந்தவள் அவள். எதிரே உட்கார்ந்து, "வீட்டுக்காரரையும் கூப்பிட்டேண்ணே, வரமாட்டேன்னுட்டாக. பல்லு வலிக்குதாம்" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க லாரியில் ஏற்றுகிறவனைத் தேவையில்லாமல் ஏசினேன். அன்றைக்கு மட்டும் நான் பேரம் பேசவில்லை. பேரம்தான் என் சோறு. படிப்பு ஐந்தாவதோடு சரி, மற்றதெல்லாம் வாங்கின அடியில் கற்றுக்கொண்டது, அதில் பெரிய பாடம் ஒன்றுதான், எந்தப் பேரத்திலும் கடைசியாக எழுந்து, "சரி, அப்ப வர்றேன்" என்று சொல்லி நாலு எட்டு வைக்கத் தெரிய வேண்டும். ஐந்தாவது எட்டில் பின்னாலிருந்து கூப்பிடுவான். கூப்பிடாவிட்டாலும் நாம் திரும்பக் கூடாது. நாற்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மூன்று மாடி கட்டினேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன், சங்கத்தில் துணைத் தலைவர் ஆனேன். எடைக்கல் மாதிரி மனுஷன், கோட்டைச்சாமி வார்த்தை வார்த்தைதான் என்று போன வருஷம் பொதுக்குழுவில் பொன்னாடை போட்டார்கள், மாப்பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஞாபகம் வருகிறது, வராமல் எப்படி, அந்த மாதிரி ஒரு காலம் மறுபடி எனக்குக் கிடைக்கவில்லை. எட்டுக்குப் பத்து அறை, ஒரு கட்டில், முறை வைத்துப் படுப்போம், ஒருநாள் அவன் மேலே நான் கீழே. கட்டிலில் படுத்தவனுக்கு மூட்டைப்பூச்சி, தரையில் படுத்தவனுக்குக் கரப்பான், அதனால் சண்டை கிடையாது. நான் பழைய கதவு தூக்குகிற வேலை, அவன் கம்பெனி கம்பெனியாகக் கதை சொல்லப் போய் வாசலோடு திரும்புகிற வேலை. சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரே கிளாஸ் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்ன கதையை என்னிடம் நடித்துக் காட்டுவான். கதாநாயகி சாகிற இடத்தில் நிஜமாகவே கீழே விழுவான், எதிர் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற பொம்பளை, ஐயோ அந்த ஆளுக்கு வலிப்பு என்று கத்துவாள். ஒரு ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல். ஒரு வாரம். மழை, ஒழுகல், கஞ்சி வாங்கிவரப் போனால் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒருநாள் அவன் கண்ணைத் திறக்கவில்லை. பயந்துபோனேன். பேசிக்கொண்டே இருந்தால் போகமாட்டான் என்று தோன்றியது, என்ன பேச, அவன் மாதிரிக் கதை சொல்ல எனக்கு வருமா. அப்போதுதான் அந்தப் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாகச் சொன்னேன். அழுதது, பூட்டியது, வேட்டி இறங்கியது, வாசலில் போயிட்டு வர்றேன் என்றது, எல்லோரும் திரும்பிப் பார்த்தது, அப்புறம் என்னைப் புரட்டிப் புரட்டி அடித்தார்கள் என்று சொன்னேன். கண்ணைத் திறந்தான். அடிச்சாங்களா என்றான். அடின்னா அடி, வேட்டியை அவிழ்த்துவிட்டு அடித்தார்கள் என்றேன். சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், இருமி, புரைக்கேறி, எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டுவிட்டது. பூட்டைக் காட்டு என்றான். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றையிலிருந்து அது அவனுடையதாகிவிட்டது, எழுதின தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டான்.

இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. வந்ததிலிருந்து பார்க்காத மாதிரி இருக்கிறேன். நிலைக்கு வலது பக்கம் ஜன்னல் விளிம்பில் ஒரு கட்டுத் தாள், அதன் மேல் அந்தப் பூட்டு. யாரோ துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கொக்கி பூட்டியபடியே. இத்தனை வருஷத்தில் ஒரு பூட்டுக்காரனிடம் கொடுத்து இருபது நிமிஷத்தில் திறந்திருக்கலாம், திறக்கவில்லை.

அடிக்கவில்லை. அதுதான். என்னை யாரும் அடிக்கவில்லை. பிச்சையாவுக்கும் தெரியாத இடம் அது. வாசலில் ஒரு அக்கா நின்றிருந்தாள், அந்த வீட்டு மருமகளாக இருக்கும், இருபத்தைந்து வயசு, கையில் தண்ணீர்ச் செம்பு, அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் கிளம்பக் கூடாது என்று எங்கம்மா தலையில் குட்டிக் குட்டி வளர்த்த பிள்ளை நான், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது, "போயிட்டு வர்றேங்க்கா." அவளுக்கும் அவள் அம்மா அப்படித்தான் வளர்த்திருக்க வேண்டும். "சரி தம்பி, வாங்க" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவள் கண்ணில் பயத்துக்கு முன்னால் ஒரு துளி சிரிப்பு வந்தது, சத்தியமாகப் பார்த்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவி, "அடிப் பாவி, இன்னொரு சாவுக்கு வான்னு கூப்பிடுறியா?" என்று அலறினாள். ஒரு ஆள் எழுந்து வந்து, புருஷனாகத்தான் இருக்கும், அவள் கன்னத்தில் அறைந்தான். செம்பு உருண்டது. தண்ணீர் என் கால் வரைக்கும் வந்தது. மறுபடி அறைந்தான். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. சொன்னவன் நான்தான்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தப்பாவை அடித்தவன், மேஸ்திரியை அடித்தவன், தொட்டதற்கெல்லாம் கை நீட்டுகிறவன், இடுப்பில் பூட்டு கனக்கிறது என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டேன். தெருமுனை வரைக்கும் அறைகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. தியேட்டரில் அத்தனை பேரும் சிரித்தபோது எனக்குக் கேட்டதும் அந்தச் சத்தம்தான். பிச்சையா என் மானத்தைத் திருடிவிட்டான் என்று அவனை அடித்தேனா, இல்லை நான் சொன்ன பொய்யை அவன் நம்பிவிட்டான் என்று அடித்தேனா. முப்பத்தோரு வருஷமாக இதே இடத்தில் வந்து கால் இடறுகிறது, எழுந்து வேறு பக்கம் போகிறேன், சுற்றிக்கொண்டு மறுபடி இங்கேதான் வந்து நிற்கிறேன்.

வாசலில் ஒரு சலசலப்பு. டைரக்டர் பரஞ்ஜோதி வந்துவிட்டார். காத்தமுத்து எடுத்தபோது உதவி டைரக்டராக இருந்தவர், படத்தை எடுத்தவர் செத்து ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது இவர்தான் எல்லா மேடையிலும் காத்தமுத்து பற்றிப் பேசுகிறார். கறுப்புச் சாயம் வழிகிற தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெரிய மாலை. நாற்காலி போடுகிறார்கள். தாடி வைத்த ஒரு யூடியூப்காரர் கைபேசியை நீட்டுகிறார். "சார், அந்தச் சாவு வீட்டு சீன் எப்படி உருவாச்சு?" பரஞ்ஜோதி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அது எங்க ஊர்ல நடந்ததுங்க. எங்க மாமா கண்ணால பாத்தது. டிஸ்கஷன்ல நான் சொல்லச் சொல்ல பிச்சையா எழுதினாப்ல. நல்ல கை. யோசனைன்னா வராது, ஆனா சொன்னதை அழகா எழுதிக் குடுத்துருவாப்ல."

யோசனை வராது. பிச்சையாவுக்கு. வாயைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள், பதில் சொல்லமாட்டான் என்ற தைரியம். என் கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்குகிறது, பிளாஸ்டிக் முனகுகிறது. மரகதம் பாயைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டாள். சொல்லு தாயி, வாயைத் திறந்து சொல்லு, உன் புருஷன் உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பானே. அவள் நிமிர்ந்தாள். பரஞ்ஜோதியைப் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தாள், ஒரு கணம், பிறகு குனிந்துகொண்டாள். ஏன் என்னைப் பார்த்தாள்? பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தி, "என் தம்பி சொந்தமா ஒண்ணும் எழுதலையாய்யா?" என்று யாரையோ கேட்கிறாள். கூடத்தில் இருப்பவர்கள் அனுதாபமாகத் தலையாட்டுகிறார்கள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விடும். பிச்சையாவிடம் இருந்தது அந்த ஒரு சீன்தான், வேறென்ன மிச்சம், டைட்டிலில் 'வசன உதவி' என்று கண் சிமிட்டுகிற நேரத்தில் ஓடிப்போகிற ஒரு வரி, இந்தச் சின்ன வீடு, ஒரு நிலை. அந்தச் சீனையும் இந்த ஆள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உருவிக்கொண்டு போகிறான். நான் சொல்லலாம். இவன் பொய் சொல்கிறான் என்று நான் ஒருத்தன்தான் சொல்ல முடியும். எப்படித் தெரியும் என்பார்கள். ஏனென்றால் அந்தத் திருடன் நான் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், லாக்கர் சாவி வைத்திருக்கிறவர், அவருடைய அப்பா அம்மா, சங்கம், பொன்னாடை, எடைக்கல் மாதிரி மனுஷன். செத்தவனுக்கு என்ன கேட்கப் போகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது வந்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாய் கோட்டை. நஷ்டம் வருகிற பேரத்தில் உட்காரக் கூடாது. எழுந்து போய்விட வேண்டும். எழுந்தேன்.

"கிளம்பலாமா மாமா? எடுக்கிற வரைக்கும் இருக்கலியா?" என்றார் மாப்பிள்ளை. கால் வலிக்குது மாப்பிள்ளை என்றேன். பெட்டியை ஒருதரம் சுற்றினேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். ஜன்னலைத் தாண்டும்போது கை தானாகப் போயிற்று. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது, அதை மட்டும் இந்தப் பரஞ்ஜோதி கண்ணில் படும்படி விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பூட்டு ஜிப்பாப் பையில் விழுந்தது, பை முழங்கால் வரைக்கும் தொங்கியது, அடியில் இருந்த தாள்கள் மின்விசிறிக் காற்றில் கூடமெல்லாம் பறந்தன. அறுபத்திரண்டு வயசிலும் எனக்குத் திருடத் தெரியவில்லை. யாரோ தாள்களைப் பொறுக்கினார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை, நிலைக்கு வந்துவிட்டேன், ஒரு கால் வெளியே, ஒரு கையால் பையைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன், நாற்பது வருஷமாக எழுந்து எழுந்து போன நாக்கு, அதுவாகவே திரும்பிற்று.

"அப்ப நான் போயிட்டு வர்றேம்மா."

பேச்சியம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. தாள் பொறுக்கினவர் குனிந்தபடியே நின்றார். மரகதம் நிமிர்ந்து பார்த்தாள், மூக்கு சிவந்திருந்தது, "சரிண்ணே, வாங்க" என்றாள்.

"ஏ மரகதம்!" பேச்சியம்மாள் பாயிலிருந்து எழுந்தேவிட்டாள். "கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? என் தம்பியத் தின்னது போதாதா, இன்னொரு எழவுக்கு வாங்கன்னு கூப்பிடுதியா?" கை ஓங்கியிருந்தது.

இங்கேதான் நான் படி இறங்கினேன். அன்றைக்கு. வெளியே வைத்த கால் செருப்பில் பாதி நுழைந்துவிட்டது. அதை உள்ளே இழுத்தேன்.

"ஏத்தா, கைய எறக்கு." என் குரல் கூடத்துக்குப் பெரிதாக இருந்தது. "அவள எதுக்கு வையிற? சொன்னவன் இந்தா நிக்கிறேன்ல. என்னைய வையி. அடிக்கணும்னா என்னைய அடி."

பரஞ்ஜோதி கைதட்டாத குறைதான். "பாத்தீங்களா, பாத்தீங்களா! அப்படியே என் சீனு! இந்தப் பெரியவரு படத்தை எத்தன தடவ பாத்தாரோ, நாக்குல ஒட்டிக்கிச்சு!" கைபேசி என் பக்கம் திரும்பியது.

"யோவ்" என்றேன். "காத்தமுத்து எதைத் திருடினான்?"

"என்னங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா. உங்க மாமா கண்ணால பாத்தாருன்னியே. எதை எடுத்தான்?"

"குத்துவிளக்கு. படத்துலதான் இருக்கே."

"அது படத்துல. நடந்ததுல?"

அவர் யூடியூப்காரரைப் பார்த்தார். பேரத்தில் எதிராளி அப்படிப் பக்கவாட்டில் பார்த்தால் அவன் கையில் சரக்கு இல்லை. பைக்குள் கையை விட்டேன். கொக்கி துணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, இழுத்தேன், பை கிழிந்தது, பூட்டு வந்தது.

"பூட்டு. சாவி இல்லாத பூட்டு. புரசைவாக்கத்துல ஒரு எழவு வீட்டுல எடுத்தது. எடுத்தவன் நான். எழுதினவன் அந்தா படுத்திருக்கான். நடுவுல நீ யாருய்யா?"

மாப்பிள்ளை பக்கம் நான் பார்க்கவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மரகதம்தான் முதலில் பேசினாள், குரல் உடைந்துவிட்டது, நான் வந்ததிலிருந்து அப்போதுதான் அழுகிறாள். "எதுக்குண்ணே சொன்னீக? அவுக முப்பது வருசமா யாருகிட்டயும் வாயத் தொறக்கலியே. பேட்டி கேட்டு எத்தன பேரு வந்தாக. அந்தச் சீன எங்க புடிச்சீகன்னு கேப்பான், கோட்டை பேரு வந்துரும், பிள்ளை குட்டிக்காரன்னு சொல்லி, எனக்குத் தெரியாதுன்னு அனுப்பிருவாக. நானும் அதுக்குத்தானே இம்புட்டு நேரம் வாய மூடிட்டு இருக்கேன்."

உன் பேரைச் சொல்லலியேடா. பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னான். மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தேன். சமாதானம் சொல்கிறான் என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறான். மொட்டைமாடியில் டீ கிளாஸை நீட்டி, பாதி உனக்கு என்பானே, அந்தக் குரல்தான் அது, எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. பூட்டு கையில் கனத்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல், அவன் கைக்கு நேராக வைத்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பின்னாலிருந்து ஒரு நாற்காலி வந்து முழங்காலைத் தொட்டது. மாப்பிள்ளை. தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

யூடியூப்காரர் பரஞ்ஜோதியை விட்டுவிட்டு என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஐயா, அப்ப நிஜமாவே அந்த வீட்டுல உங்கள அடிச்சாங்களா? படத்துல மாதிரியே?"

பேச்சியம்மாள் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரகதத்தின் தலைமேல் வைத்திருந்தாள். பிச்சையா கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடமும் இதைச் சொன்னதில்லை.

"இல்ல தம்பி" என்றேன். "என்னைய யாரும் அடிக்கல. போயிட்டு வாங்கன்னு சொன்ன அந்த அக்காவத்தான் அடிச்சாங்க."